எறும்பு கடித்த மாதிரியா?
குழந்தையின் வலியை எழுதி வைத்த நர்சுகளும், அவர்கள் பத்திரிகை வளர்ந்த கதையும்

ஊசி போடும் அறைக்கு வெளியே ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் 4 வயதுப் பையன். உள்ளே வேறு ஒரு குழந்தை அழும் குரல் கேட்கிறது. பையன் தாயின் சேலையை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.

"பயப்படாதேடா கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்கிறாள் தாய்.

ஊசி போட்டாகிவிட்டது. பையன் வீறிட்டு அழுகிறான்.

"சீ, ஆம்பிளைப் பிள்ளை அழலாமா? எங்கே வலிக்குது? ஒண்ணும் வலிக்கலே!" என்று தேற்றுகிறாள்.

இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. நாமும் ஒரு காலத்தில் அந்தப் பையனாக இருந்தவர்கள்தானே!

எறும்பு கடித்த மாதிரிதான் என்று சொன்னது யார்? பெரியவர்கள். வலித்தது யாருக்கு? குழந்தைக்கு. "உனக்கு எவ்வளவு வலித்தது?" என்று அந்தக் குழந்தையிடம் கேட்டது யார்?

நெடுங்காலம் வரை அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்த அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்கூட இதே நிலைதான். அந்த நிலையை மாற்றியவர்களில் நர்சுகளுக்கு முக்கியமான இடம் உண்டு. அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. கேட்டதை எழுதினார்கள். கணக்கெடுத்தார்கள். எல்லோரும் படிக்கும்படி அச்சிலே கொண்டுவந்தார்கள். அதற்காகவே தனிப் பத்திரிகைகள் பிறந்தன.

குழந்தைகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கு ஒரு பத்திரிகையா? அதில் என்ன எழுதுவார்கள்? அதனால் நம் வீட்டுக் குழந்தைக்கு என்ன லாபம்? பார்ப்போம்.

கதவுக்கு வெளியே அம்மா

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1950-ம் ஆண்டை ஒட்டிய காலம்.

அந்த நாளில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், தாய் வெளியே போய்விட வேண்டும். குழந்தையைப் பார்க்க நேரம் குறித்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கவிட்ட ஆஸ்பத்திரிகளும் உண்டு.

"தாயைப் பார்த்தால் குழந்தை அழும். பார்க்காமல் இருந்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டனில் சமூக சேவகராக இருந்தார். குழந்தைகள் "சரியாகிவிடுகிறார்கள்" என்பதை அவர் நம்பவில்லை. அழுது அழுது ஓய்ந்து, மனம் விட்டுப்போய் அடங்கிவிடுகிறார்கள் என்று நினைத்தார். சொல்லிப் பார்த்தார், யாரும் காது கொடுக்கவில்லை.

உடனே ஒரு சினிமாக் காமிராவை வாங்கினார். அதற்கு முன்பு அவர் காமிராவைத் தொட்டதுகூட இல்லை! லாரா என்ற 2 வயதுச் சிறுமி சின்ன ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளைத் தினமும் படம் பிடித்தார். தமக்குப் பிடித்த காட்சியைத் தேடி எடுத்தார் என்று யாரும் குறை சொல்லக்கூடாது அல்லவா? அதற்காக, முன்கூட்டியே குறித்த நேரத்தில் எடுத்தார். சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

1952-ல் அந்தப் படம் லண்டனில் டாக்டர்கள், நர்சுகள் கூடிய சபையில் காட்டப்பட்டது. பலர் கோபத்தோடு எழுந்தார்கள். "எங்கள் தொழிலையே அவமதிக்கிறார்" என்றார்கள். ஆனால் சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள்.

1959-ல் பிளாட் கமிட்டி என்ற அரசாங்கக் குழு அறிக்கை வெளியிட்டது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். சின்னக் குழந்தையோடு தாயும் தங்க வசதி செய்ய வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.

சிபாரிசு வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டதா? அதுதான் இல்லை.

பமீலா ஹாதார்ன் ஒரு நர்சு. அவர் குழந்தைகள் வார்டுகளுக்குப் போய், அங்கே குழந்தைகள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். கண்டதை ஆராய்ச்சி அறிக்கையாக 1974-ல் வெளியிட்டார். அதன் தலைப்பு: "நர்சு, எனக்கு அம்மா வேணும்!" பிளாட் கமிட்டி சொல்லி 15 ஆண்டு ஆகியும் அந்தச் சிபாரிசு எல்லா வார்டுகளையும் எட்டவில்லை என்பது அதில் தெரிந்தது.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் மட்டும் போதாது. கட்டிலருகே என்ன நடக்கிறது என்று ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். கட்டிலருகே இரவும் பகலும் இருப்பவர் யார்? நர்சுதான்.

நர்சு கையில் பேனா

நர்சுகள் எழுதுவது புதிய பழக்கம் அல்ல. கைவிளக்கேந்திய மாது என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிப் புத்தகம் எழுதினார். போர்க்களத்து ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் தொற்று நோயால் இறந்தார்கள் என்று அவர் போட்ட கணக்கு அரசாங்கத்தையே அசைத்தது.

அமெரிக்காவில் 1900-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்சிங்" என்ற பத்திரிகை தொடங்கியது. நர்சுகளே தங்கள் கைக்காசைப் பங்காகப் போட்டு நடத்திய பத்திரிகை அது. சோபியா பால்மர் என்ற நர்சு அதன் முதல் ஆசிரியர். 1920-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்ததே அந்த 1920-ல்தான். ஓட்டுக்கூட இல்லாத காலத்தில் பெண்கள் பத்திரிகை நடத்தினார்கள் என்றால் அவர்கள் துணிச்சலைப் பாருங்கள்!

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. இந்திய நர்சுகளின் சங்கம் 1908-ல் ஏற்பட்டது. அதன் பத்திரிகை 1910-ல் வெளிவரத் தொடங்கியது.

ஆனால் இவை பொதுப் பத்திரிகைகள். சங்கச் செய்திகள், வேலை விவரம், அனுபவக் குறிப்புகள் எல்லாம் அவற்றில் வரும். ஆராய்ச்சிக்கென்றே ஒரு பத்திரிகை 1952-ல் அமெரிக்காவில் வந்தது. "நர்சிங் ரிசர்ச்", அதாவது "நர்சிங் ஆராய்ச்சி" என்று பெயர்.

அடுத்த படி, குழந்தைகளுக்கென்று தனிப் பத்திரிகை. பெரியவர்களுக்குக் கொடுக்கும் மருந்தைப் பாதியாக்கிக் கொடுத்துவிட்டால் அது குழந்தை வைத்தியம் ஆகிவிடாது. குழந்தையின் உடம்பு வேறு, மனம் வேறு, பயம் வேறு. 6 மாதக் குழந்தைக்கு ஒத்து வருவது 6 வயதுக்கு ஒத்து வராது.

1975-ல் அமெரிக்காவில் "பீடியாட்ரிக் நர்சிங்" என்ற பத்திரிகை பிறந்தது. பீடியாட்ரிக் நர்சிங் என்றால் குழந்தைகளைக் கவனிக்கும் நர்சு வேலை என்று பொருள். அடுத்த ஆண்டே, 1976-ல், இன்னொரு பத்திரிகையும் வந்தது.

இந்தப் பத்திரிகைகளுக்குக் காத்துக்கொண்டிருந்தது போல் ஒரு பெரிய கேள்வி அப்போது எழுந்தது. குழந்தைக்கு வலிக்குமா, வலிக்காதா?

24-ம் 671-ம்

"இது என்ன கேள்வி?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களே இதில் தடுமாறினார்கள்.

பச்சைக் குழந்தைக்கு நரம்பு இன்னும் முற்றவில்லை, ஆகையால் வலி அவ்வளவாகத் தெரியாது என்று பலர் நம்பினார்கள். வலி தீர்க்கும் மருந்து கொடுத்தால் குழந்தையின் மூச்சு தடைப்படும் என்று சிலர் பயந்தார்கள். மருந்து பழக்கமாகிவிடும் என்று சிலர் தயங்கினார்கள். "இதோ விளையாடுகிறானே, வலியிருந்தால் விளையாடுவானா?" என்றவர்களும் உண்டு.

அமெரிக்காவில் அயோவா என்ற மாநிலத்தில் ஜோ ஈலண்ட் என்ற நர்சு இருந்தார். பல்கலைக்கழகப் பட்டத்துக்காக அவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். ஆபரேஷன் முடிந்த 25 குழந்தைகளின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்தார். அதே மாதிரி உபாதைகளுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த 18 பெரியவர்களின் குறிப்புகளையும் எடுத்தார். யாருக்கு எத்தனை தடவை வலி மருந்து கொடுத்தார்கள் என்று எண்ணினார்.

பெரியவர்கள் 18 பேருக்கும் சேர்த்து 671 தடவை.

குழந்தைகள் 25 பேருக்கும் சேர்த்து 24 தடவை!

அந்த 25 குழந்தைகளில் 13 பேருக்கு ஒரு தடவைகூட வலி மருந்து கொடுக்கப்படவில்லை. அந்த 13 பேரில் விபத்தில் பாதத்தை இழந்த குழந்தையும் உண்டு.

1977-ல் இந்தக் கணக்கு அச்சில் வந்தது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அந்த நர்சுகளும் டாக்டர்களும் ஈவிரக்கம் இல்லாதவர்களா? இல்லை. இரக்கம் இருந்தது, தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் விட்டது அன்றைய வேலையில் ஒரு சின்ன விஷயமாகத் தெரிந்தது. 25 குழந்தைகளையும் 18 பெரியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கியது.

ஈலண்ட் இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். வலி மருந்தையே அந்நாளில் பெரும்பாலும் ஊசியாகத்தான் போட்டார்கள். குழந்தைக்கு வலியைவிட ஊசிமேல் பயம் அதிகம். "வலிக்கிறதா?" என்று கேட்டால், ஊசிக்குப் பயந்து "வலிக்கலே" என்று சொல்லிவிடும். பெரியவர்களும் அதை நம்பிவிடுவார்கள்.

அதனால் அவர் ஒரு யுக்தி செய்தார். மனித உருவம் வரைந்த ஒரு காகிதத்தையும், கலர் பென்சில்களையும் குழந்தையிடம் கொடுத்தார். "நிறைய வலிக்கும் இடத்துக்கு எந்தக் கலர்? கொஞ்சம் வலிக்கும் இடத்துக்கு எந்தக் கலர்? நீயே தீட்டு" என்றார். குழந்தை தீட்டிய படமே அதன் வாக்குமூலம்!

6 வட்டங்கள்

இனி டல்சா என்ற ஊருக்குப் போவோம். இது அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஹில்கிரெஸ்ட் ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

தீக்காயத்தின் வேதனை சாமானியமானதல்ல. கட்டுப் பிரித்துக் கழுவும்போது பெரியவர்களே கதறுவார்கள். குழந்தைகளின் நிலையைச் சொல்லவா வேண்டும்?

1981-ம் ஆண்டு. டோனா வாங் என்ற நர்சும், கானி பேக்கர் என்ற பெண்மணியும் அங்கே குழந்தைகளிடையே வேலை செய்துகொண்டிருந்தார்கள். பேக்கரின் வேலை, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளை விளையாட வைத்து, பயம் போக்கி, ஆறுதலாக வைத்திருப்பது.

குழந்தைகளின் வலியை அறிய முடியாமல் இருவரும் திண்டாடினார்கள். "1 முதல் 10 வரை ஓர் எண் சொல்லு" என்றால் 3 வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரியாது. "கடுமையா, மிதமா?" என்று கேட்டால் அந்த வார்த்தைகள் புரியாது. குழந்தைக்குத் தெரிந்தது என்ன? முகம். சிரிக்கிற முகம், அழுகிற முகம் தெரியும்.

ஒரு காகிதத்தில் வரிசையாக 6 வெறும் வட்டங்களை வரைந்து குழந்தைகளிடம் கொடுத்தார்கள். கொஞ்சம்கூட வலிக்காத முகத்திலிருந்து ரொம்ப ரொம்ப வலிக்கிற முகம் வரை வரையச் சொன்னார்கள். குழந்தைகள் வரைந்தார்கள். ஒரு கோடியில் சிரிப்பு; மறு கோடியில் கண்ணீர்.

பல குழந்தைகள் வரைந்த முகங்களையும் சேர்த்து வைத்து, ஓர் ஓவியரைக் கொண்டு 6 முகங்களாகச் செப்பமாக வரைந்தார்கள். குழந்தை தன் வலிக்கு ஏற்ற முகத்தை விரலால் தொட்டுக் காட்டினால் போதும்!

இன்று உலகத்தில் பல நாட்டு ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "வாங் - பேக்கர் முகங்கள்" பிறந்த கதை இதுதான். அந்தச் சித்திரத்தின் மூலகர்த்தாக்கள் தீக்காயம் பட்ட சின்னஞ்சிறு குழந்தைகள்.

7 ஆண்டுக் காத்திருப்பு

முகங்கள் பிறந்தது 1981-ல். அவை பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை "பீடியாட்ரிக் நர்சிங்" பத்திரிகையில் வெளியானது 1988-ல். நடுவில் 7 ஆண்டுகள்! ஏன் இவ்வளவு தாமதம்?

"நல்ல யோசனை" என்று தோன்றினால் மட்டும் போதாது. அது உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் 3 வயது முதல் 18 வயது வரை 150 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வலியை அளக்க அப்போதிருந்த 6 முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? "எங்கள் முறைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது" என்று அவர்கள் எழுதிவிடவில்லை. அளப்பதில் எந்த முறையும் மற்றதைவிடத் தெளிவாக மேலானது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் எல்லா வயதுக் குழந்தைகளும் விரும்பியது முகங்களைத்தான் என்று எழுதினார்கள். தங்கள் சரக்குக்குத் தாங்களே இவ்வளவு நேர்மையாக விலை சொல்வது எளிதல்ல.

அந்த நேர்மையைக் காப்பதுதான் ஆராய்ச்சிப் பத்திரிகையின் வேலை.

அது எப்படி நடக்கிறது? ஒரு நர்சு கட்டுரை அனுப்புகிறார் என்று வையுங்கள். ஆசிரியர் அதை உடனே அச்சுக்கு அனுப்பிவிடமாட்டார். அதே துறையில் அனுபவம் உள்ள இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். எழுதியவர் யார் என்று பொதுவாக அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கணக்கு சரியா? எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்? பெற்றோரிடம் சம்மதம் கேட்டாரா? குழந்தைக்குத் தொந்தரவு இல்லாமல் செய்தாரா? சொல்லும் முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா? இப்படிக் குடைந்து குடைந்து கேட்பார்கள். தவறு இருந்தால் கட்டுரை திரும்பி வரும். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். சில கட்டுரைகள் வெளிவராமலே போய்விடும்.

தட்டான் பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நம்பிக் குழந்தையைக் கொடுக்கும் இடத்தில் அந்த உரைகல் அவசியம்தானே?

அச்சில் வந்த பிறகும் சண்டை

கட்டுரை வெளியானதோடு கதை முடிந்துவிடாது. மற்றவர்கள் அதைப் படித்துக் குறை கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்க வேண்டும்.

வாங் - பேக்கர் முகங்களையும் குறை சொன்னார்கள். முதல் முகம் சிரிக்கிறது. கடைசி முகம் அழுகிறது. வலி இல்லாத குழந்தை சிரித்துக்கொண்டே இருக்குமா? அம்மாவைக் காணாத ஏக்கத்தில் ஒரு குழந்தை அழும் முகத்தைத் தொட்டால், அதை வலி என்று எடுத்துக்கொள்வதா? இது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். "கடைசி முகத்தைத் தொடுவதற்கு நீ அழுதுகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை" என்று குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது வாங் - பேக்கர் முறையிலேயே இருக்கிறது. ஆனால் அதோடு விவாதம் நிற்கவில்லை. 1990-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சிரிப்பும் கண்ணீரும் இல்லாத வேறு முகங்களை வெளியிட்டார்கள். அதைச் சீர்திருத்தி 2001-ல் 6 முகங்களாக்கினார்கள். இன்று இரண்டு முறைகளும் வழக்கத்தில் இருக்கின்றன.

ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே போவதில் யாருக்கும் தோல்வி இல்லை. லாபம் குழந்தைக்கு.

பேசாத குழந்தைக்கு?

விரலால் தொட்டுக் காட்டக் குழந்தைக்கு 3 வயதாவது ஆக வேண்டும். நேற்றுப் பிறந்த சிசு என்ன செய்யும்?

1987-ல் ஆனந்த் என்ற டாக்டர் ஒரு முக்கியமான ஆராய்ச்சியை வெளியிட்டார். இந்தூரில் மருத்துவம் படித்து இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் போனவர் அவர். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போது வலி தீர்க்கும் மருந்தைச் சரியாகக் கொடுத்தால், அவர்கள் உடம்பு படும் பாடு குறைகிறது, தேறுவதும் நன்றாக இருக்கிறது என்று அவரும் அவர் சகாக்களும் காட்டினார்கள். சிசுவுக்கு வலி தெரியாது என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அடுத்து நர்சுகள் களத்தில் இறங்கினார்கள். கனடாவில் டொரொண்டோ நகரில் பானி ஸ்டீவன்ஸ் என்ற நர்சும் அவர் சகாக்களும் குறைமாதக் குழந்தையின் வலியை அளக்க 1996-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். புருவம் புடைக்கிறதா? கண்ணை இறுக மூடுகிறதா? மூக்கோரம் மடிப்பு விழுகிறதா? இருதயத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது? ரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா? இவற்றை எல்லாம் பார்த்து எண் போடலாம். குழந்தை பேசவில்லை, அதன் முகம் பேசுகிறது!

குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதற்குச் சற்று முன்பு நாக்கில் கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் விட்டால் சிசுவுக்கு வலி குறைகிறது என்றும் பல ஆராய்ச்சிகள் கண்டன. ஸ்டீவன்ஸ் அம்மையார் அவற்றைத் திரட்டி ஒப்பிட்டு எழுதினார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே குத்தினாலும் வலி குறைகிறது. இதைப் படித்துவிட்டு வீட்டில் சிசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் அளவோடு செய்கிற காரியம். தாய்ப்பாலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஒன்று பலவாயிற்று

இந்தக் காலத்தில்தான் குழந்தை நர்சிங் பத்திரிகைகள் மளமளவென்று வளர்ந்தன.

1986-ல் அமெரிக்காவில் "ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக் நர்சிங்" தொடங்கியது. "குழந்தைகளையும் குடும்பங்களையும் கவனித்தல்" என்பது அதன் துணைப்பெயர். குடும்பங்களையும் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் கதவுக்கு வெளியே நிறுத்திய தாய், பத்திரிகையின் பெயருக்குள்ளேயே வந்துவிட்டாள்! பல ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்த சிசிலி பெட்ஸ் அம்மையாரும் ஒரு நர்சு. 1990-ல் அமெரிக்கக் குழந்தை நர்சுகள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். அந்தப் பத்திரிகை அவர்கள் சங்கத்தின் பத்திரிகையாயிற்று. ஆண்டுக்கு 6 இதழ்கள்.

இங்கிலாந்தில் 1989-ல் ஒரு பத்திரிகை வந்தது. தென் கொரியாவில் 1995-ல் குழந்தை நலம் பேணும் நர்சுகளின் கழகம் ஒரு பத்திரிகை தொடங்கியது. 2013-ல் அது "குழந்தை நல நர்சிங் ஆராய்ச்சி" என்று பொருள்படும் புதுப் பெயரை வைத்துக்கொண்டது. சங்கத்தின் பெயரைத் தாங்கிப் பிறந்த பத்திரிகை, தான் செய்யும் வேலையின் பெயருக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கு 4 இதழ்கள் வருகின்றன.

முன்பெல்லாம் ஓர் இதழ் கப்பலிலோ விமானத்திலோ வந்து நூல்நிலையத்து அலமாரியில் ஏற வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில், கைப்பேசியில் வந்துவிடுகிறது. கொரியாவில் ஒரு நர்சு எழுதியதை நம் ஊர் நர்சு அன்றைக்கே படிக்க முடியும்.

இன்னும் தீராத குறை

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

பல பத்திரிகைகளுக்குச் சந்தா அதிகம். காசு கட்டினால்தான் கட்டுரையை முழுதாகப் படிக்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இரவு முழுதும் கண்விழித்து வேலை பார்த்து வீடு திரும்பும் ஒரு நர்சு, சமையல் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அதற்கு மேல் எப்போது உட்கார்ந்து படிப்பார்? ஒரே நர்சு நிறையக் குழந்தைகளைக் கவனிக்கும் வார்டில், ஒவ்வொரு குழந்தையிடமும் நின்று "எந்த முகம்டா கண்ணு?" என்று கேட்க நேரம் எங்கே?

பூட்டிய அலமாரியில் இருக்கும் மருந்தும், யாரும் படிக்காத கட்டுரையும் ஒன்றுதான். பிளாட் கமிட்டி அறிக்கை வந்து 15 ஆண்டு கழித்தும் வார்டுகளில் குழந்தைகள் அம்மாவுக்காக ஏங்கிய கதையை மறந்துவிடக்கூடாது. அச்சுக்கூடத்திலிருந்து கட்டிலுக்குப் போகும் வழி இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

டோனா வாங் அம்மையார் 2008-ல் காலமானார். அவரும் பேக்கரும் கொண்டுவந்த முகங்கள் இன்றும் குழந்தைகளிடம் பேசிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து வீட்டில் இருக்கும் நாமும் கற்றுக்கொள்ளச் சில உண்டு.

குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்துவிட்டால் அடுத்த தடவை உங்களை நம்பாது. "கொஞ்சம் வலிக்கும். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஊசி போடும்போது, டாக்டரும் நர்சும் சம்மதித்தால், குழந்தையை உங்கள் மடியிலேயே அணைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா இரு, ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று வீட்டில் பயமுறுத்தாதீர்கள். ஊசிக்குப் பயந்து வலியை மறைத்த குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை விளையாடுகிறது என்பதற்காக வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேளுங்கள். அது சொல்வதை நம்புங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் நர்சிடம் சொல்லுங்கள்.

மறுபடியும் அந்த ஊசி போடும் அறைக்கு வருவோம். பையன் விம்மிக்கொண்டிருக்கிறான். சுவரில் 6 முகங்கள் வரைந்த அட்டை ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நர்சு குனிந்து கேட்கிறார்: "எவ்வளவுடா வலிச்சது? எந்த முகம்?"

பையன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். பிறகு விரலை நீட்டி நாலாவது முகத்தைத் தொடுகிறான்.

எறும்பு கடித்த மாதிரி இல்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நர்சு அதை எழுதிக்கொள்கிறார்.